சாவி இல்லாமல் திண்டுக்கல் பூட்டு: கொடைக்கானலில் இருந்து

கேள்வி, பண்ணைக்காட்டில் இருந்து ஒரு தம்பி:
"அண்ணே, வெளிநாட்டுக்காரங்க கம்பி விட்டுப் பூட்டைத் திறக்கிறதை ஒரு விளையாட்டாவே வச்சிருக்காங்க. வீடியோ பார்த்து நானும் ஒரு கம்பி செட் வரவழைச்சேன். அவங்க காட்டுற மாதிரிப் பூட்டெல்லாம் திறக்குது. வீட்டில கிடக்கிற திண்டுக்கல் பூட்டு மட்டும் அசைய மாட்டேங்குது. 'அது திண்டுக்கல் பூட்டுடா, செஞ்சவனே வந்தாலும் சாவி இல்லாமத் திறக்க முடியாது'ங்கிறார் எங்க தாத்தா. நிஜமாவா?"

9 நவம்பர் 2024

நிஜமில்லை. திறக்கலாம். உங்கள் கையில் இருக்கிற கம்பி வேறு வகைப் பூட்டுக்கானது, அதுதான் சங்கதி.

நீங்கள் திறந்ததெல்லாம் பின் (pin) பூட்டு. நடுவில் ஓர் உருளை, அதன் மேல் வரிசையாகத் துளைகள், துளைக்கு இரண்டு துண்டாக நிற்கும் பின், அதற்கு மேல் ஸ்பிரிங். சாவி உள்ளே போனதும் எல்லாத் துண்டுகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். 1861-ல் லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய உருவம்தான் இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிறது. வீடியோக்காரர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

நம் ஊர்ப் பூட்டு லீவர் பூட்டு. லீவர் என்கிற பித்தளைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. நாக்கில், அதாவது வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் துண்டில், ஒரு முளை. சாவி சுற்றும்போது தகடுகள் எல்லாம் ஆளுக்கு ஓர் அளவு உயர்ந்து, வெட்டுகள் ஒரே நேரில் வந்தால்தான் முளை உள்ளே நுழையும், நாக்கு பின்வாங்கும். ஒரு தகடு கொஞ்சம் குறைவாக உயர்ந்தாலும் முட்டும், கொஞ்சம் அதிகமாக உயர்ந்தாலும் முட்டும். இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-ல் கொண்டுவந்த யோசனை இது. பின் பூட்டுக்குச் செய்த மெல்லிய கொக்கி இந்த அடுக்குக்குள் போய் ஒன்றும் செய்யாது. ஸ்பிரிங் கெட்டி, ஆழம் அதிகம்.

10 நவம்பர்

கம்பிக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டியதில்லை. உடைந்த குடையின் கம்பி, பஸ் வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் ஸ்டீல் பட்டை, சைக்கிள் போக்ஸ் கம்பி, இவை போதும். எங்கள் ஊரில் குடைக்கம்பிக்குப் பஞ்சமே வராது.

இரண்டு உருப்படி வேண்டும். ஒன்று டென்ஷன் கம்பி: அடுக்கைத் தாண்டி உள்ளே போய் நாக்கைத் திறக்கிற பக்கமாக லேசாகத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். போக்ஸ் கம்பியைச் சூடுபண்ணி நுனியைச் சாவிப் பல் அளவுக்கு ஒடித்து மடக்கினால் வந்துவிடும். இன்னொன்று தூக்குகிற கம்பி: அதே வடிவம், இன்னும் மெலிசு. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே துளைக்குள் நடமாட வேண்டும் என்பதால் அரம் போட்டு மெலியவைப்பதுதான் பெரிய வேலை. சாவித்துளைக்கு நடுவில் ஆணி நிற்கும் பூட்டு என்றால், அதாவது சாவி குழலாக இருக்கும் பூட்டு என்றால், இடம் இன்னும் நெருக்கடி. அதை முதல் பூட்டாக எடுக்காதீர்கள்.

10 நவம்பர், இரவு

"இதெல்லாம் திருட்டுக்குப் படிக்கிற படிப்பு, பொது இடத்தில் எழுதலாமா" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான், பதில் சொல்லியாக வேண்டும்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. பூட்டு உடைபட்ட வீட்டுக்காரர்கள் மறுநாள் காலை வந்து நிற்பது என் கடை வாசலில்தான். அவர்கள் கொண்டுவருகிற பூட்டைப் பார்த்தாலே தெரியும்: வளையம் அறுபட்டிருக்கும், அல்லது கடப்பாரை போட்டு நாதாங்கியோடு பிடுங்கியிருப்பார்கள். கம்பி விட்டுப் பொறுமையாகத் திறந்த பூட்டு ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. திருட வருகிறவனுக்கு நேரம் கிடையாது. இந்தக் கலைக்கு நேரத்தைத் தவிர வேறு மூலதனம் கிடையாது.

இதை விளையாட்டாகச் செய்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு விதியை மாற்றுவதில்லை. உன்னுடையதல்லாத பூட்டை உரியவர் அனுமதியில்லாமல் தொடாதே. உபயோகத்தில் இருக்கும் பூட்டைத் தொடாதே. வாடகைக்கு இருப்பவர் வெளியூர் போயிருக்கும்போது "கொஞ்சம் திறந்து கொடுங்க, வீடு என்னோடதுதானே" என்று கேட்டு வந்தவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு மனத்தாங்கல். இருக்கட்டும்.

கம்பிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். வீட்டு மேஜையில் இருக்கட்டும்.

12 நவம்பர்

இரண்டாவது விதியைப் பற்றித்தான் இன்று அதிகம் கேள்வி. "என் வீட்டு வாசல் பூட்டு என்னோடதுதானே, அதில் பழகினால் என்ன?"

பழகாதீர்கள். லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் ஸ்பிரிங் வளையும், சில சமயம் இடம் பெயரும். அதன் பிறகு உண்மையான சாவி போட்டாலும் அந்த லீவர் இறங்கி வராது. நவம்பர் மழையில் ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் நின்று அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். நாயுடுபுரத்தில் எங்கள் தெருவில் இருட்டினால் காட்டுமாடு வந்து நிற்கும், கேட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டால் விளையாட்டில்லை.

சாவி தொலைந்த பூட்டு எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும். பழைய டிரங்குப் பெட்டிக்குள், விறகுக் கொட்டகை ஆணியில். அதில் பழகுங்கள்.

13 நவம்பர்

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களுக்கு: தயவுசெய்து விடாதீர்கள். கீழே வத்தலக்குண்டில் அது எண்ணெய். ஏழாயிரம் அடிக்கு மேல் எங்கள் ஊரில் பாதி வருஷம் அது வெள்ளைக் கட்டி. லீவருக்கும் லீவருக்கும் இடையில் போய் உறைந்து நின்றால் தகடுகள் தனித்தனியாக அசையாது, மொத்தமாகச் சேர்ந்து தூக்கும். சாவி தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதுப் பூட்டு வாங்க வருகிறார்கள். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, உதறிக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் பாதிப் பூட்டு பிழைத்துக்கொள்ளும். வியாபாரிக்கு இது நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

16 நவம்பர்

திண்டுக்கல்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. அதைத் திறக்க வழி சொல்லி ஊர்ப் பேரைக் கெடுக்கிறீர்கள்."

ஐயா, 2019-ல் அந்தக் குறியீடு கிடைத்தபோது கடையில் மிட்டாய் கொடுத்தவன் நான். எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்த அதே வருஷம். அப்பா பஸ்ஸில் திண்டுக்கல் இறங்கி நாகல்நகர் பக்கம் பட்டறை பட்டறையாக நடந்து, சாக்கில் பூட்டு கட்டி மலையேறியவர். அந்தப் பூட்டு கெட்டி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கெட்டி என்பது வேறு, திறக்கவே முடியாது என்பது வேறு.

லண்டனில் ஜோசப் பிராமா என்பவரின் கடை ஜன்னலில் 1790-ல் ஒரு பூட்டை வைத்தார்கள். இதைத் திறக்கிற கருவி செய்கிறவருக்கு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பொற்காசு) பரிசு என்று பலகை. 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் திறந்துவிட்டார். 16 நாளில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. அதே வருஷம் அவர் சப் (Chubb) என்ற கம்பெனியின் லீவர் பூட்டையும் திறந்தார். அது 1818-ல் செய்த தந்திரப் பூட்டு: லீவரை யாராவது அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும், வீட்டுக்காரர் சாவி போடும்போது "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று காட்டிக் கொடுக்கும். ஹாப்ஸ் அந்தக் காட்டிக்கொடுக்கும் உறுப்பையே தனக்குத் துணையாக வைத்துக்கொண்டார்.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டு கம்பெனியும் மூடவில்லை. பூட்டைத் திருத்தினார்கள். திறந்து காட்டுகிற ஆள் இல்லாத ஊரில் பூட்டு ஏன் மாற வேண்டும்? நம் பட்டறைகளுக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

17 நவம்பர்

நேற்று எழுதியது கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டதோ என்று இரவெல்லாம் யோசித்தேன். பட்டறைக்காரர் மேல் பழி இல்லை. அலிகாரில் மிஷினில் அடித்து இறக்குகிற பூட்டு பாதி விலைக்கு வரும்போது, கையால் அரம் போடுகிறவர் கூலியையே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது, புது அமைப்புக்கு எங்கே போவார்? வாங்குகிற எங்களைப் போன்ற கடைக்காரர்களும்தான் விலை குறை என்று நெருக்கினோம்.

20 நவம்பர்

லீவர் எண்ணிக்கை. "7 லீவர், 8 லீவர் என்று போட்டிருந்தால் நல்ல பூட்டா?"

நம்பிவிடாதீர்கள். ஏழு என்று பொறித்த ஒரு பூட்டைப் பிரித்துப் பார்த்தேன், எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஏழு தகடு இருந்தது உண்மை. அதில் ஐந்துக்கு வெட்டு ஒரே உயரத்தில். ஒரு கம்பியால் ஐந்தையும் மொத்தமாகத் தூக்கிவிடலாம். உயரங்கள் எத்தனை வகை, வெட்டு முளைக்கு எவ்வளவு நெருக்கம், இதுதான் பார்க்க வேண்டியது. நெருக்கமான ஐந்து லீவர், தொளதொள ஏழு லீவரைவிட மேல்.

24 நவம்பர்

சாவி தொலைந்த பூட்டு ஒன்றை அனுப்புகிறேன் என்றிருந்த பூம்பாறை அக்காவின் பூட்டு வந்து சேர்ந்தது. காலை பஸ் கண்டக்டர் கையில் துணிப்பையாகக் கொடுத்துவிட்டிருந்தார். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "தம்பி, இது எங்க அத்தை பூண்டுப் பரண்ல தொங்கவிட்ட பூட்டு. அவங்க போனதுக்கப்புறம் சாவி கிடைக்கலை, நாதாங்கியை அறுத்துத்தான் எடுத்தோம். திறந்தா சரி, திறக்கலைன்னாலும் உடைச்சிராதீங்க."

அறுத்த நாதாங்கித் துண்டு இன்னமும் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம், மாங்காய் வடிவம், பித்தளை என்றே தெரியாத அளவுக்குக் கரி. பூண்டைப் பரணில் கட்டி அடியில் புகை போடுவார்கள் அல்லவா, அந்தப் புகை அத்தனையும் பூட்டின் மேல். மண்ணெண்ணெயில் இரண்டு தடவை ஊறவைத்துப் பிரஷ் போட்ட பிறகுதான் சாவித்துளையின் மூடி நகர்ந்தது.

சாவித்துளையில் ஆணி இல்லை. நல்லது. டென்ஷன் கம்பியை விட்டு நாக்கைத் தேடினேன். புகைப்பிசின் அங்கேயும். நாக்கு அசைகிறதா, பிசின் நெகிழ்கிறதா என்று கைக்குப் பிரித்துத் தெரியவில்லை. மறுபடி ஊறல். அடுத்த நாள் இரவு கடை சாத்திவிட்டு உட்கார்ந்தபோது கை சொன்னது: நாக்கு ஒரு மயிரிழை போய் எதிலோ முட்டுகிறது. முளை லீவரில் முட்டுகிற முட்டு அது.

இந்த இடம்தான் எல்லாம். கையால் செய்த எந்தப் பூட்டிலும் எல்லா லீவரும் முளையை ஒரே நேரத்தில் தொடாது. ஒன்று முந்தும். அந்த ஒன்று மட்டும் இறுக்கமாக இருக்கும், மற்றவை ஸ்பிரிங்கில் சும்மா துள்ளும். தூக்குகிற கம்பியை ஒவ்வொரு தகடாகக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். உளுந்து ஊறிவிட்டதா என்று இரண்டு விரலில் நசுக்கிப் பார்க்கிற அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம். இறுக்கமான தகடு அடியில் இருந்து மூன்றாவது. மெதுவாகத் தூக்கினேன். 'டிக்' என்று காதுக்குக் கேட்கவில்லை, இடது கை டென்ஷன் கம்பியில்தான் தெரிந்தது, நாக்கு இன்னொரு மயிரிழை போனது. பிறகு முதல் தகடு. பிறகு ஐந்தாவது. நான்காவதைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டால் வெட்டைத் தாண்டிப் போய் நிற்கும், டென்ஷனைத் தளர்த்தினால் எல்லாம் சேர்ந்து விழும். விழுந்தது. திரும்ப மூன்றாவதில் இருந்து. குளிரில் விரல் மரத்தால் இந்த வேலை ஓடாது, பக்கத்தில் கும்பட்டி வைத்துக் கையைக் காட்டிக் காட்டித்தான் செய்தேன்.

கடைசித் தகடு உட்கார்ந்ததும் நாக்கு முழுசாகப் பின்வாங்கிய சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கிறது. "என்ன உடைஞ்சது?" என்று வீட்டில் குரல்.

25 நவம்பர்

அக்காவிடம் போனில் சொன்னேன். முதல் கேள்வி, "உடைக்கலையே?" இரண்டாவது, "உள்ள என்ன இருக்கு?"

உள்ளே பார்க்க வேண்டும் என்றால் ரிவிட்டை எடுக்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் அரம் எடுத்தேன். பின் தகட்டைத் தூக்கினால் ஐந்து பித்தளை லீவர். ஒவ்வொன்றின் முதுகிலும் அரம் போட்ட கோடு அப்படியே இருக்கிறது, எல்லாம் ஒரே சாய்வில், இடமிருந்து வலம் இறங்கும் சாய்வு. ஒரே ஆள், ஒரே உட்காரும் வாக்கு. நான்காவது லீவரின் வெட்டு மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் குறுகல், ஓரம் கூர்மை. நேற்று அது ஏன் அவ்வளவு அடம் பிடித்தது என்று புரிந்தது. அடம் பிடிக்கவே அப்படிச் செய்தாரா, அன்றைக்கு அரம் புதுசா, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். பெயர் எதுவும் பொறிக்கவில்லை.

லீவர்களைப் பார்த்து வெறும் சாவியில் பல் வெட்டிவிட்டேன். ரிவிட் திரும்ப அடித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போகும்.

28 நவம்பர்

வெளிநாட்டுப் போட்டிகளைப் பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். ஜெர்மனியில் 1997-ல் இதற்கென்றே சங்கம் தொடங்கினார்கள், நெதர்லாந்திலும் பெரிய குழு இருக்கிறது. ஒரே மேஜையில் உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் ஆளுக்கொரு பூட்டு, நேரம் முடிந்ததும் பூட்டுகளைச் சுற்றில் மாற்றிக்கொள்வார்கள். எத்தனை திறந்தாய், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு. ஆன்லைனில் கராத்தே மாதிரி பெல்ட் முறையும் இருக்கிறது, வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை. நிறம் ஏறிய பிறகு திறந்தால் மட்டும் போதாது, திறந்த பூட்டைக் கேமரா முன்னால் பிரித்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும்.

எனக்கு அந்தக் கடைசி வழக்கம்தான் பிடித்தது. வேகத்தில் எனக்கு நாட்டம் இல்லை.

1 டிசம்பர்

இத்தனை நாள் சுற்றி வந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். பின் பூட்டு ஆயிரம் திறந்தாலும் உள்ளே ஆயிரமும் ஒரே மாதிரி. மிஷின் செய்தது. நம்முடையது அப்படி இல்லை. மாங்காய்ப் பூட்டைத் தொடங்கிவைத்தது சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள் என்று திண்டுக்கல்லில் சொல்வார்கள். அதற்குப் பிறகு எத்தனை பட்டறை, எத்தனை கை. அந்தக் கை எப்படி வேலை செய்தது என்பதற்கு எழுத்தில் எதுவும் கிடையாது. பூட்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. சாவி தொலைந்ததும் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறோம், அவர் உருக்கப் போட்டுவிடுகிறார்.

ஆகவே திறக்கிறவர்கள் திறந்ததோடு நிறுத்தாதீர்கள். உரியவரிடம் கேட்டுப் பிரியுங்கள். லீவர்களை அடுக்கிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எந்த ஊர், எந்த வீட்டு எந்தக் கதவு, யார் வாங்கியது என்று தெரிந்தவரை எழுதி வையுங்கள். எந்தத் தகடு முதலில் இறுகியது என்பதையும் எழுதுங்கள், அது பிரித்துப் பார்ப்பவருக்குத் தெரியாது, திறந்தவருக்கு மட்டும்தான் தெரியும். பட்டறைக்காரர் யாராவது இதைப் படித்தால் அவர் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். என் கடையில் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன், அக்காவின் பூட்டு முதல் பக்கம்.

3 டிசம்பர்

மன்னவனூர், கூக்கால், பெருமாள்மலையில் இருந்து பூட்டு அனுப்புகிறேன் என்றவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது கடையில் கொடுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. சுத்தியால் தட்டிப் பார்க்காமல் கொடுங்கள். உங்கள் பூட்டுத்தானா என்று கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

7 டிசம்பர்

பண்ணைக்காட்டுத் தம்பி எழுதியிருக்கிறார்: "குடைக்கம்பியில செஞ்சு பார்த்தேன்ணே. ஒரு லீவர் உட்கார்ந்த மாதிரி இருக்கு, ரெண்டாவதுக்குப் போறதுக்குள்ள விழுந்துருது. தாத்தா பக்கத்தில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கார்."

தம்பி, டென்ஷன் கம்பியை விரலால் பிடிக்கிறீர்கள், அதனால் இரண்டாவது தகட்டைத் தேடும்போது இடது கை தன்னை அறியாமல் தளர்கிறது. பூட்டை வைஸில் கட்டுங்கள், மூன்று அங்குல வைஸ் போதும், பூட்டுக்குக் கீறல் விழாமல் சைக்கிள் டியூப் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். டென்ஷன் கம்பியின் வெளி நுனியில் ஒரு சின்ன நட்டைத் தொங்கவிடுங்கள். அந்த எடையே தள்ளிக்கொண்டிருக்கும், கை தளர்ந்தாலும் நாக்கு நழுவாது. கனம் அதிகமானால் எல்லாத் தகடும் இறுகிவிடும், அப்போது சின்ன நட்டாக மாற்றுங்கள்.

அதிலும் வரவில்லை என்றால், தாத்தா சம்மதித்தால், ரிவிட்டை எடுத்துவிட்டுப் போல்ட் நட்டு போட்டு மூடும்படி செய்துகொள்ளுங்கள். இரண்டே லீவர் வைத்து மூடித் திறந்து பழகுங்கள். கைக்கு வந்ததும் மூன்றாவதைப் போடுங்கள். எடுக்கும் லீவர்களை எடுத்த வரிசையிலேயே நூலில் கோத்து வையுங்கள், மாறிப் போனால் உங்கள் சாவிக்கே அது திறக்காது.